போனில் பதியும் நம் கால்தடம்



இந்த மாதச் சுவர் இதழில் பாடக் கட்டுரை எழுதும் முறை ஒன்பதாம் வகுப்புக்கு வந்தது. "உனக்கு நல்லாத் தெரிந்த ஒரு விஷயத்தை, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது போல எழுது" என்று டீச்சர் சொன்னாங்க. நான் எடுத்துக்கொண்ட தலைப்பு டிஜிட்டல் கால்தடம். பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் நம்ம எல்லார் வீட்டிலும் தினமும் நடக்கிறதுதான். எங்கள் வகுப்பிலேயே ஒரு சம்பவம் நடந்தது. அதில் என் தப்பும் இருக்கு. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். கால் வலித்தாலும் பரவாயில்லை, முழுசாக நின்று படிக்கவும்!

முதலில் ஒரு கேள்வி

ஏரியில் மண் ஈரமாக இருக்கும்போது நடந்தால் கால் பதியும். அடுத்த மழை வந்தால் அது போய்விடும். சரி, நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்து வாசலில் சிமெண்ட் தரையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சின்னப் பையனின் கால் இரண்டும், ஒரு நாயின் கால் நாலும் அதில் பதிந்திருக்கும். கொத்தனார் பூசிவிட்டுச் சாப்பிடப் போனாராம். அதற்குள் நாய் ஓட, நாயைத் துரத்திப் பையன் ஓட, தரை காய்ந்துவிட்டது. அந்தப் பையன் இப்போது காலேஜ் படிக்கும் அண்ணன். கால் மட்டும் இன்னும் அஞ்சு வயசிலேயே அங்கே இருக்கு!

போனிலும் இன்டர்நெட்டிலும் நாம் வைக்கும் கால் எந்த மாதிரி? ஏரி மண்ணா, ஈர சிமெண்டா? நிறைய பேர் ஏரி மண் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஈர சிமெண்ட்.

டிஜிட்டல் கால்தடம் என்றால் என்ன?

போன், கம்ப்யூட்டர், டேப்லெட் இவற்றில் நாம் செய்யும் வேலைகளால் நம்மைப் பற்றித் தங்கிவிடும் பதிவுகள்தான் டிஜிட்டல் கால்தடம். இது இரண்டு வகைப்படும்.

1. நாமே தெரிந்து வைக்கும் தடம்: ஸ்டேட்டஸ் போடுவது, டி.பி. வைப்பது, வீடியோவுக்குக் கீழே கமெண்ட் எழுதுவது, குரூப்பில் வாய்ஸ் அனுப்புவது, வந்ததை அப்படியே பார்வர்டு செய்வது.

2. நமக்குத் தெரியாமல் பதியும் தடம்: நாம் எதைத் தேடினோம், எந்த வீடியோவை எத்தனை நேரம் பார்த்தோம், எந்த ஊரில் இருந்தோம், எந்த மாடல் போன் என்பதெல்லாம்.

இரண்டாவது வகைக்கு ஒரு உதாரணம். எங்கள் அண்ணன் ஒருநாள் போனில் ஷூ விலை தேடினான். வாங்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம், அம்மா சமையல் வீடியோ பார்த்தாலும் நடுவில் ஷூ விளம்பரம் வந்தது. "எனக்கு எதுக்குடா ஷூ காட்டறாங்க?" என்று அம்மா கேட்டாங்க. போனுக்கு அம்மாவையும் அண்ணனையும் பிரித்துத் தெரியாது. அந்தப் போனில் யாரோ ஷூ தேடினார்கள் என்று மட்டும் தெரியும்.

இன்னொன்று, ஆப் போடும்போது கேட்கிற அனுமதி. டார்ச் லைட் ஆப் ஒன்று நம் போன் நம்பர்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்டால், எதற்கு என்று யோசிக்க வேண்டும். வெளிச்சம் அடிக்க மாமா நம்பர் எதற்கு?

செய்து பார்ப்போம்

தேவையான பொருள்: கேமரா உள்ள போன் ஒன்று (வீட்டில் கேட்டு வாங்கவும்).

செய்முறை: போனில் எடுத்த ஒரு போட்டோவைத் திறக்கவும். அதில் விவரம் காட்டும் இடத்தை அழுத்தவும். சில போன்களில் போட்டோவை மேல் நோக்கித் தள்ளினாலே வரும்.

காண்பது: எடுத்த தேதி, மணி, நிமிடம், போன் மாடல் இருக்கும். கேமராவில் இருப்பிடம் பதியும்படி வைத்திருந்தால், எடுத்த இடம் வரைபடத்திலேயே தெரியும்.

அறிவது: ஒரு போட்டோவில் முகம் மட்டும் இல்லை. அதற்குள்ளே நாம் எழுதாத எழுத்தும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோ அனுப்பினால் இந்த விவரங்கள் நீங்கிவிடும். அதையே டாகுமெண்டாக அனுப்பினால் அப்படியே சேர்ந்து போகும். அதோடு, போட்டோவில் கண்ணுக்குத் தெரிகிறதையும் பார்க்க வேண்டும். யூனிபார்ம், பள்ளிப் பெயர்ப் பலகை, வண்டி நம்பர், வீட்டு வாசல். புதுசாக ஆதார் கார்டு வந்த சந்தோஷத்தில் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டவர்களும் இருக்கிறார்கள்!

"டெலீட் பண்ணிட்டேனே!"

இதுதான் எல்லோரும் சொல்வது. நானும் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி 2017இல் வந்தது. முதலில் ஏழு நிமிடத்துக்குள் அழிக்க வேண்டும் என்று இருந்தது. பிறகு சுமார் இரண்டு நாள் வரை நீட்டினார்கள். நல்ல வசதிதான். ஆனால் அது அழிக்காதது நிறைய இருக்கிறது.

ஒருத்தர் ஏற்கெனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அது அவர் போனில் இருக்கும். ஒருத்தர் அதை வேறு ஆளுக்கு அனுப்பியிருந்தால், அந்த ஆளிடம் இருப்பது அழியாது. ஸ்டிக்கராக மாற்றிப் பிடித்த ஸ்டிக்கரில் சேர்த்து வைத்திருந்தால் அங்கேயே இருக்கும். நாம் அழிப்பது நம் கிளையை மட்டும்தான். அதற்குள் அது பக்கத்து மரத்துக்குப் போய்விட்டது.

டீச்சர் பள்ளிக் கம்ப்யூட்டரில் தமிழ் விக்கிப்பீடியாவைக் காட்டினாங்க. அது 2003இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், திருத்தலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாறு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத் திறந்தால் யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்று முதல் நாளிலிருந்து வரிசையாக வருகிறது. பிழையைத் திருத்திவிட்டாலும் பிழை இருந்த பக்கம் அங்கேயே இருக்கு. அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கால்தடம் என்ற வார்த்தை சரியாகப் புரிந்தது. அங்கே நம் கண்ணுக்குக் காட்டுகிறார்கள். மற்ற இடங்களில் காட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சின்னக் கணக்கு

வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை ஒரே தடவையில் அஞ்சு இடத்துக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாது. "அஞ்சுதானே!" என்று நினைக்கக் கூடாது. நான் அஞ்சு பேருக்கு அனுப்புகிறேன். அவர்கள் ஒவ்வொருவரும் வேறு அஞ்சு பேருக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சுற்று 5
இரண்டாம் சுற்று 25
மூன்றாம் சுற்று 125
நான்காம் சுற்று 625
ஐந்தாம் சுற்று 3125
மொத்தம் 3905 பேர்.

நம் ஊரில் மொத்தமே அத்தனை பேர் இல்லை. அடுக்குக்குறி பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதிலும் அந்த அஞ்சு இடத்தில் ஒன்று குரூப்பாக இருந்தால் கணக்கு இன்னும் எங்கேயோ போய்விடும்.

நம் மாவட்டத்தில் நடந்தது

அந்த அஞ்சு என்ற அளவு ஏன் வந்தது தெரியுமா? 2018 மே மாதம் குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஊர் ஊராக வதந்தி சுற்றியது. அப்போது போளூர் பக்கத்தில் அத்திமூர் வழியாக, சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலுக்குப் போனது. வழி கேட்க நிறுத்தினார்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, இவர்கள்தான் கடத்துகிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. வயதான அம்மா ஒருவர் இறந்துபோனார். கூட இருந்தவர்களுக்குப் பலத்த காயம். பலரைப் போலீஸ் கைது செய்தது.

அந்த வருடம் நாட்டில் வேறு பல இடங்களிலும் இப்படி நடந்தது. அதனால் 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் பார்வர்டு செய்வதை அஞ்சு என்று குறைத்தது. 2020 ஏப்ரலில், நிறைய தடவை சுற்றி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று ஆக்கினார்கள்.

அப்போது நான் ரொம்பச் சின்னப் பிள்ளை. வாசலில் விளையாடாதே, யாராவது சாக்லேட் கொடுத்தா வாங்காதே என்று ஆயா சொன்னது மட்டும் லேசாக ஞாபகம் இருக்கு. அந்த வதந்தியை அனுப்பினவர்கள் யாரும் கொலை செய்ய நினைத்து அனுப்பியிருக்க மாட்டார்கள். "எதுக்கும் உஷாரா இருங்க" என்று நல்லதுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே, நல்ல எண்ணத்தில் அனுப்புவது மட்டும் போதாது. உண்மையா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒரே போன்

நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஒரு போன்தான் இருக்கும். அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டு ராத்திரி வந்தால்தான் நம் கைக்கு வரும். சிம் அப்பா பெயரில், அப்பா ஆதாரில் வாங்கியது. அதனால் நாம் எழுதும் கமெண்ட், அனுப்பும் வாய்ஸ், கட்டிய ஆன்லைன் கேம் பணம் எல்லாம் அப்பா நம்பரில்தான் பதியும். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா.

அதே போனுக்குத்தான் பேங்க் மெசேஜ், கேஸ் மெசேஜ், ரேஷன் மெசேஜ், ஓ.டி.பி. எல்லாம் வரும். "பரிசு விழுந்திருக்கு, இதைத் தொடவும்" என்று வரும் லிங்கைத் தொட்டால், போவது நம் பரிசு இல்லை. அம்மா மகளிர் குழுவில் சேர்த்த பணம். ஓ.டி.பி. என்பது வீட்டுச் சாவி மாதிரி. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும் தரக் கூடாது. உண்மையான பேங்க் அதைக் கேட்காது.

இன்னொரு விஷயம். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டுக்கும் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். சிலர் பிறந்த வருடத்தை மாற்றி 18, 20 என்று போடுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் 18க்குக் கீழே என்றால் பாதுகாப்பு தானாகவே கூடுதலாக இருக்கும். தெரியாதவர்கள் சும்மா வந்து மெசேஜ் அனுப்ப முடியாது. வயதைக் கூட்டிப் போட்டால் அந்த வேலியை நாமே பிடுங்கிப் போட்ட மாதிரி.

"இது எங்க குரூப்தான், யாருக்கும் தெரியாது"

அமெரிக்காவில் ஹார்வர்டு என்று பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. 2017இல் அங்கே சேர இடம் கிடைத்த மாணவர்கள் சிலர், தங்களுக்குள் மட்டும் பேஸ்புக்கில் ஒரு குரூப் வைத்து, மற்றவர்களைக் கேவலப்படுத்தும் மீம்கள் போட்டார்கள். வெளியே தெரியாது என்றுதான் நினைத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்துவிட்டது. குறைந்தது 10 பேருக்குக் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு படித்து வாங்கிய இடம்! பத்துப் பேர் இருக்கும் குரூப்பில் பத்துக் கதவு இருக்கிறது. யார் எந்தக் கதவைத் திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

எங்கள் வகுப்பில் நடந்தது

இப்போது அந்தச் சம்பவம்.

போன ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். என் தோழி ஒருத்தி கூழ்க் குடத்தைத் தலையில் தூக்கி வந்தாள். கோயில் வாசலில் கால் தடுக்கி விழுந்தாள். கூழ் எல்லாம் தலையிலும் முகத்திலும் கொட்டிவிட்டது. யாரோ போட்டோ எடுத்தார்கள். அன்று ராத்திரியே அது ஸ்டிக்கராக மாறி, ஒரு கேலி வார்த்தையோடு எங்கள் குரூப்புக்கு வந்தது. நான் அம்மா போனில் பார்த்தேன். சிரிப்பு வந்தது. மூணு பேருக்கு அனுப்பினேன். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பதினொரு நாள் வரவில்லை. கடைத்தெருவில் பையன்கள் அந்தக் கேலி வார்த்தையைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவள் மாமாவுக்கே ஸ்டிக்கர் போய்ச் சேர்ந்திருக்கு. "பொம்பளப் புள்ளைய ஊர் சிரிக்க விட்டுட்டு என்ன படிப்பு?" என்று அவர் போனில் சத்தம் போட்டாராம்.

எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் பயம். கடைசியில் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் திட்டுவாங்க என்று நினைத்தேன். "முதல்ல அது எங்கெங்க போச்சுன்னு பாப்போம்" என்றுதான் சொன்னாங்க. நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து, யார் யாருக்கு அனுப்பினோம், அவர்கள் யாருக்கு அனுப்பினார்கள் என்று நோட்டில் எழுதினோம். ஒரு சாயங்காலத்தில் 41 போன் வந்தது. அதற்கு மேல் எங்களால் போக முடியவில்லை. எல்லோரிடமும் கெஞ்சி அழிக்கச் சொன்னோம். சிலர் அழித்தார்கள். சிலர், "சும்மா ஜோக்குதானே" என்றார்கள். என் கணக்கில் மூணு. நோட்டில் 41. உண்மையில் எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் டீச்சரும் நாங்களும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் ஆயா திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாங்க. அவள் உள்ளேயிருந்து வரவே இல்லை. டீச்சர் பேசின பிறகு வந்து கதவோரம் நின்றாள். நான், "நானும் அனுப்பினேன்" என்றேன்.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டாள்.

"மூணு பேருக்கு."

"யார் யாருக்கு?"

சொன்னேன்.

"அதுல ஒருத்தி எங்க மாமா பொண்ணு" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அவள் அம்மாவிடம் டீச்சர் ரொம்ப நேரம் பேசினாங்க. "விழுந்தது தப்பா, விழுந்ததைப் படம் புடிச்சது தப்பா? தப்பு பண்ணினவங்க எல்லாம் ஸ்கூலுக்கு வர்றாங்க. உங்க பொண்ணு ஏன் வீட்ல இருக்கணும்?" என்று கேட்டாங்க. பன்னிரண்டாம் நாள் அவள் வந்தாள். வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்னும் பழைய மாதிரி பேசுவதில்லை. ஆனால் பேசுகிறாள்.

இந்தக் கட்டுரையில் இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். "பேர் போடாத. ஆனா எழுது" என்றாள். "எழுதினா நீதான்னு எல்லாருக்கும் தெரியுமே?" என்றேன். "இப்பவும் தெரியும். அனுப்பினவங்க நின்னு படிக்கட்டும்" என்றாள். எழுதி முடித்து முதலில் அவளிடம்தான் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

அந்த ஒரு கேள்வியை ஆடி மாதமே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1. நம் அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்பு சொன்னார்கள்.

2. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. அதன் 66சி பிரிவின்படி, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 66இ பிரிவின்படி, ஒருவரின் அந்தரங்கமான படத்தை அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பது, அனுப்புவது குற்றம்.

3. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் ஆபாசப் படத்தை எடுப்பது, அனுப்புவது அதே சட்டத்தின் 67பி பிரிவிலும், 2012 போக்சோ சட்டத்திலும் கடும் குற்றம். அனுப்புகிறவர் நம் வயதுப் பிள்ளை என்றாலும் விளையாட்டு என்று விட மாட்டார்கள். இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போக வேண்டியிருக்கும்.

4. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. 18 வயது ஆகாதவர்களின் விவரங்களை நிறுவனங்கள் பயன்படுத்த, பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும் என்று இதில் இருக்கிறது.

நமக்கே பிரச்சினை வந்தால்?

இதைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். யாராவது நம் போட்டோவை வைத்து மிரட்டினாலும், போலிக் கணக்கு தொடங்கினாலும், பணம் கேட்டாலும், முதலில் வருவது பயம். போனைப் பிடுங்கிவிடுவார்கள், பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள் என்ற பயம். மிரட்டுகிறவர்களுக்குப் பலமே நம் பயம்தான். நாம் சொல்லிவிட்டால் பாதிப் பலம் போய்விடும்.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவும். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். ஆனால் படம் ஆபாசமானதாக இருந்தால் அதை யாருக்கும் அனுப்பக் கூடாது, "இதப் பாரு" என்று தோழிக்குக்கூட. மிரட்டுகிறவர் கேட்டதைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இன்னும் கேட்பார். அந்த எண்ணைத் தடுத்துவிட்டு, அம்மா, அப்பா, அக்கா, டீச்சர், சார் என்று நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லவும். ஒருவர் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல்லவும்.

எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்:

1098 – குழந்தைகள் உதவி எண். 24 மணி நேரமும் கட்டணம் இல்லாமல் பேசலாம்.
1930 – சைபர் மோசடி. பணம் போய்விட்டால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.
14417 – பள்ளிக் கல்வி உதவி எண்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நாங்கள் வந்து சொன்னால் முதலில் திட்டாதீங்க. திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டோம்.

அனுப்புவதற்கு முன் ஐந்து கேள்விகள்

(அஞ்சு விரலுக்கு அஞ்சு என்று ஞாபகம் வைக்கவும்)

1. இது உண்மையா? எனக்கு எப்படித் தெரியும்?
2. இதில் இருப்பவரிடம் கேட்டேனா?
3. இது என்னைப் பற்றியதாக இருந்தால் அனுப்புவேனா?
4. இதை வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல முடியுமா?
5. பத்து வருடம் கழித்து வேலைக்குப் போகும்போது யாராவது இதைக் காட்டினால் பரவாயில்லையா?

ஒரு விரல் மடங்கினாலும் அனுப்ப வேண்டாம்.

நல்ல தடமும் உண்டு

இவ்வளவு சொன்னதால் போனே கெட்டது என்று நினைக்க வேண்டாம். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் சொட்டுநீர்ப் பாசன மாதிரி செய்து, அவன் அப்பா சம்மதத்தோடு வீடியோ போட்டான். முகம் காட்டவில்லை, கை மட்டும்தான். வேறு ஊரிலிருந்து ஒரு விவசாயி சந்தேகம் கேட்டு எழுதியிருந்தார். அதுவும் சிமெண்டில் பதிந்த கால்தான். இருந்துவிட்டுப் போகட்டும்!

உங்களுக்குச் சில கேள்விகள்

1. டிஜிட்டல் கால்தடம் எத்தனை வகைப்படும்? ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் தருக.
2. நான் மூன்று பேருக்கு அனுப்பினேன். ஒவ்வொருவரும் மூன்று பேருக்கு அனுப்பினால், நான்கு சுற்றில் மொத்தம் எத்தனை பேர்?
3. ஸ்டிக்கர் உங்களுக்கு வந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? (உண்மையை எழுதவும்.)

பதில்களைத் துண்டுத் தாளில் எழுதி, இந்தச் சார்ட்டுக்குக் கீழே உள்ள அட்டைப் பெட்டியில் போடவும். மூன்றாவது கேள்விக்குப் பெயர் எழுத வேண்டாம். டீச்சர் மட்டும்தான் படிப்பாங்க.

அந்த ஸ்டிக்கர் இன்னும் யார் போனிலாவது இருந்தால், மதிய மணி அடிப்பதற்குள் இல்லை, இன்று ராத்திரி அப்பா போன் கைக்கு வந்ததும் அழித்துவிடுங்கள். அழித்துவிட்டேன் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி